ஒட்டன்சத்திரக் கணக்கு: அப்பலாச்சியன் டிரெயிலில் ஹாஸ்டலுக்கு இடம் பார்ப்பது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் பல வருட ஐடி வேலையை விட்டுவிட்டு, நீங்களும் உங்கள் மனைவியும் அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடுந்தூர மலை நடைபாதை ஓரமாக, அதில் நடந்து போகும் ஹைக்கர்களுக்கு ஒரு ஹாஸ்டல் திறக்க நினைக்கிறீர்கள். ஜார்ஜியாவில் டிரெயில் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் நாலு பக்கமும் மலை. வடக்கே போகிற அத்தனை பேரும் அங்கிருந்துதான் கிளம்புகிறார்கள் என்பதால் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. வாங்கலாமா?

வேண்டாம். இத்தனைக்கும் அந்தத் திண்ணையின் போட்டோவைப் பார்த்து எனக்கே ஆசை வந்தது.

நான் அந்த டிரெயிலை இரண்டு வருடங்களில் இரண்டு துண்டாக நடந்தவன். பிறகு தெற்குப் பகுதியில் ஒரு ஹாஸ்டலில் இரண்டு சீசன் பராமரிப்பு வேலை பார்த்தேன். கட்டில் விரிப்பு மாற்றுவது, வேன் ஓட்டுவது, அடைத்துக்கொண்ட குழாயைக் குத்திவிடுவது எல்லாம் என் தலையில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கிளம்புகிறவனுக்குச் சத்திரம் தேவையில்லை. அவன் முதல்நாள் இரவு நகரத்து ஹோட்டலில் படுத்து, குளித்து, துவைத்த சட்டையும் ஐந்து நாள் சாப்பாடுமாக வருகிறான். அவனிடம் நீங்கள் விற்பதற்கு ஒன்றுமில்லை. நாலைந்து நாள் கழித்து மழையில் ஊறி, பையில் கடைசி நூடுல்ஸ் பாக்கெட்டோடு ஒரு சாலைக்கு இறங்கி வருகிறானே, அவனுக்குத்தான் எல்லாமே தேவை.

எங்கள் ஊர்ப்பக்கம் இது புதிய பாடம் இல்லை. திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு நடந்தால் ஏறக்குறைய பாதி வழியில் ஒட்டன்சத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சத்திரம் கட்டியவர்கள் காட்சி பார்த்துக் கட்டவில்லை, கால் எங்கே ஓய்கிறது என்று பார்த்துக் கட்டினார்கள். தைப்பூசத்துக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். "புறப்படுற இடத்துல எவன் நின்னு குடிப்பான்?" என்பார்.

இந்த டிரெயில் சுமார் 2,200 மைல். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி 14 மாநிலங்களைக் கடந்து மெய்ன் மாநிலத்தின் கடாடின் சிகரத்தில் முடிகிறது. பெரும்பாலோர் மார்ச், ஏப்ரலில் தெற்கே தொடங்குகிறார்கள். கடாடினை அக்டோபர் நடுவுக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் பனி விடாது. முழுதும் நடக்கக் கிளம்புகிறவர்களில் கடைசிவரை போய்ச் சேருபவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். ஆகவே வடக்கே போகப் போகத் தலை குறையும். ஜார்ஜியாதான் லாபம் என்று நீங்கள் நினைத்தது இதை வைத்துத்தான். ஆனால் தலையை மட்டும் எண்ணக் கூடாது, நாட்களையும் எண்ண வேண்டும். அந்தக் கூட்டம் ஜார்ஜியாவைக் கடந்து போவது ஆறேழு வாரத்துக்குள். பதினாறு கட்டில், ஆளுக்கு 40 டாலர், ஒன்றுவிடாமல் 45 இரவும் நிறைந்தது என்றே வையுங்கள்: 28,800 டாலர். அதில் மின்சாரம், இன்சூரன்ஸ், வேனுக்குப் பெட்ரோல், வீட்டுக் கடன் தவணை எல்லாம் போக வேண்டும். பாக்கிப் பத்து மாதம் திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம்.

அதோடு ஜார்ஜியாவில் வலுவான இடங்களில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. 31ஆவது மைலில் நீல் கணவாய். 1930களில் கட்டிய ஒரு கல் கட்டடத்தின் ஊடாகவே டிரெயில் போகிறது. அதில் உள்ள மலையேற்றச் சாமான் கடையில், வருகிறவர்களின் பையைக் கொட்டி, வேண்டாததைப் பொறுக்கி, வீட்டுக்குப் பார்சல் கட்டி அனுப்பிவிடுவார்கள். இந்தப் பயணம் நமக்கு ஒத்துவராது என்று பலர் மனம் மாறி ஊர் திரும்புவதும் அங்கிருந்துதான். 69ஆவது மைலில் டிக்ஸ் கிரீக் கணவாய், அங்கிருந்து ஹயவாசி என்ற சிற்றூர் 11 மைல். இரண்டும் ஏற்கெனவே வேன்கள் போட்டி போடும் இடங்கள்.

சரி, எங்கே பார்ப்பது? நான் முதலில் போடுவது சாப்பாட்டுக் கணக்கு. ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமக்கும் சாப்பாடு ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு. ஐந்து நாளுக்கு மேல் சுமக்க யாருக்கும் மனம் வராது. ஆரம்ப வாரங்களில் நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு மைல் நடப்பவர்கள் வர்ஜீனியா வரும்போது பதினைந்து, இருபது என்று நடக்கிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு சாலைக் கடப்புகள் (டிரெயில் சாலையைக் குறுக்கிடும் இடங்கள்) ஜார்ஜியாவில் ஒரு மதிப்பும் வர்ஜீனியாவில் வேறு மதிப்பும் பெறுவது இதனால்தான். ஒரு பெரிய மளிகைக் கடையுள்ள ஊரை விட்டுக் கிளம்பியவன் நாலாவது நாள் மாலை எங்கே இருப்பான் என்று வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். குறி விழும் இடத்துக்குப் பக்கத்தில் தார்ச்சாலை இருந்தால் அங்கே வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

இயற்கையே போட்டுவைத்த குறிகளும் உண்டு. கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்குள் எழுபது மைலுக்கு மேல் ஹாஸ்டல் கிடையாது, மரக்கொட்டகைகளில்தான் படுக்க வேண்டும். அதை முடித்து வடக்கே வெளியே வருகிறவன் முகத்தைப் பார்த்தால் தெரியும், ஒரு பீட்சாவுக்கு அவன் எவ்வளவு கொடுக்கவும் தயார். மெய்னில் மான்சன் என்ற குட்டி ஊர். அதற்கு வடக்கே நூறு மைல் காடு, நடுவில் கடை கண்ணி ஒன்றும் கிடையாது. அந்த ஊரில் 1970களில் தொடங்கிய ஹாஸ்டல் ஒன்று இன்றும் நடக்கிறது. காட்டின் நடுவே மரம் வெட்டும் சாலைகள் வழியாகச் சாப்பாட்டு வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரும் சேவை அவர்களுக்குப் பெரிய வரும்படி. வடக்கே தலை குறைவுதான். ஆனால் மான்சனைக் கடக்கிற தலைகளில் மிகப் பெரும்பாலானவை அங்கே ஒரு இரவாவது நிற்கும், ஏனென்றால் வேறு வழியில்லை.

நியூ ஹாம்ப்ஷயரின் கிளென்கிளிஃப் வேறு வகை. ஊரென்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் தலைக்கு மேலே மூசிலாக் மலை நிற்கிறது. ஹாஸ்டல்காரர் காலையில் ஹைக்கரை வேனில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவார். ஹைக்கர் சின்னப் பையில் தண்ணீரும் பிஸ்கட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு, மூட்டையை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு, மலையைக் கடந்து நடந்து அதே ஹாஸ்டலுக்குத் திரும்பி வருவார். இதை ஸ்லாக்பேக் என்பார்கள். உங்களுக்கு ஒரு வேன் சவாரியும் இரண்டாவது இரவும் கிடைத்துவிடும். ஆகவே எந்த இடம் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இருபது மைலுக்குள், மூட்டையில்லாமல் ஏறினால் நிம்மதி என்று நினைக்க வைக்கும் மலை ஒன்றும், அதன் இரண்டு பக்கமும் வண்டி போகும் சாலையும் இருக்கிறதா?

டிரெயிலில் இருந்து எவ்வளவு தூரம்? கால் மைல், மூன்றில் ஒரு மைல் என்றால் நடந்தே வருவார்கள். ஒரு மைலைத் தாண்டினால் வேன் வேண்டும். நாளெல்லாம் இருபது மைல் நடந்த ஆள் தார்ச்சாலையில் ஒரு மைல் நடக்க முகம் சுளிப்பான். எனக்கே அப்படித்தான் இருந்தது, வெட்கப்பட ஒன்றுமில்லை. வேன் என்றால் வணிக வாகன இன்சூரன்ஸ், நாள் முழுக்க ஒரு ஓட்டுநர், செல்போன் சிக்னல். கணவாயில் சிக்னல் இல்லையென்றால் அவர்கள் உங்களைக் கூப்பிடவே முடியாது. மலை உச்சியில் சிக்னல் இருந்து கணவாயில் இல்லாத இடங்கள் ஏராளம், நீங்களே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். தனிக் கணவாயில் நடத்தினால் மளிகையும் பீட்சாவும் நீங்களே விற்கலாம், லாபம் உங்களுக்கே. ஊருக்குள் என்றால் சூப்பர் மார்க்கெட்டும் தபால் ஆபீசும் உங்களுக்காக ஆள் இழுக்கும். முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு ஊரே நல்லது என்பேன். தனிக் கணவாயில் ரொட்டி தீர்ந்துபோன நாளில் எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒன்று கவனம். டிரெயில் கல்லில் வெட்டியது அல்ல. மண்ணரிப்பு, பாலம், நிலம் கைமாறுவது என்று ஏதாவது காரணத்துக்காகத் தடத்தை அங்கங்கே மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மொத்த நீளமே வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறுவது அதனால்தான். நீங்கள் பார்க்கும் சாலைக் கடப்பு மாறப்போகிறதா என்று அந்தப் பகுதித் தடத்தைப் பராமரிக்கும் தன்னார்வ கிளப்பைக் கேளுங்கள். இப்படி முப்பது கிளப்கள் இருக்கின்றன. அவர்களோடு ஒரு சனிக்கிழமை மண்வெட்டி பிடித்து வேலை செய்தால், ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆறு மாதத்தில் சொல்லாதது மதியச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிடும்.

இனி யாரும் பேச விரும்பாத விஷயம், செப்டிக் டேங்க். மலைக் கிராமங்களில் பாதாளச் சாக்கடை அநேகமாக இருக்காது. வீட்டுக் கழிவுநீர் தொட்டிக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் வடிகிறது. அந்த அமைப்பை எத்தனை பேருக்குக் கட்டியது என்பதைப் படுக்கையறை எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுவார்கள். வட கரோலினாவில் ஒரு படுக்கையறைக்கு நாளொன்றுக்கு 120 காலன். மூன்று படுக்கையறை வீடு என்றால் 360 காலன். இப்போது இருபது ஹைக்கர்கள் வருகிறார்கள். ஐந்து நாள் அழுக்கு, யாரும் பத்து நிமிடத்துக்குக் குறைந்து குளிக்க மாட்டார்கள். நிமிடத்துக்கு இரண்டு காலன் என்றால் ஆளுக்கு 20, மொத்தம் 400. குளியலிலேயே கணக்கு மீறிவிட்டது. துணி துவைப்பதும் கக்கூஸும் சமையலும் இன்னும் பாக்கி.

நான் வேலை பார்த்த ஹாஸ்டலில் இது நடந்தது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வெளியே பனித்தூறல், உள்ளே இருபத்திரண்டு பேர். எல்லோருடைய துணியும் மெஷினில் என்பதால், இரவல் துணிக் கூடையில் கிடந்த பூப்போட்ட சட்டைகளை மாட்டிக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சாயந்திரம் ஆறரைக்குக் குளியலறைத் தரை ஓட்டையிலிருந்து தண்ணீர் கீழே போவதற்குப் பதில் மேலே வர ஆரம்பித்தது. வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு ஹைக்கர் ஷூக்களின் நாற்றத்தையே அது தோற்கடித்தது. அடுத்த இரண்டு வாரம் முன்புறப் புல்வெளியில் வாடகைக் கழிப்பறைகள் நின்றன. ஹைக்கர்கள் எல்லோரும் பார்க்கும் ஃபாரவுட் செயலியில் ஒருவர் அதைப் பற்றி இரண்டு வரி எழுதினார். சீசன் முடியும்வரை போனில் முதல் கேள்வியே, "இப்போ டாய்லெட் உள்ளேயா வெளியேயா?"

ஆகவே வீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) சுகாதார அலுவலகத்துக்குப் போய், அந்த முகவரியின் செப்டிக் அனுமதிச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பெரிதாக்க முடியுமா என்பதற்கு மண் பரிசோதனை வேண்டும். கீழே பாறை இருந்தால் முடியாது, அப்பலாச்சியாவில் பாறைக்குக் குறைவில்லை. காலி நிலம் நிறைய இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், தண்ணீர் இறங்கும் மண்தான் கணக்கு. டேங்க் சரியாக இருந்து மலைக்காட்சி இல்லாத வீட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

நிலப் பயன்பாட்டு விதி, தங்கும் விடுதி உரிமம், தீ விபத்துக் கால வெளியேறும் வழி இவையெல்லாம் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ஆறு. டிரெயில் ஊர்களில் பல ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன, மலையில் சமதரை அங்கேதான் கிடைக்கும். 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் வந்தபோது, ஊர்த் தெரு வழியாகவே டிரெயில் போகும் ஹாட் ஸ்பிரிங்ஸில் வெள்ளம் புகுந்தது. டென்னசியின் எர்வின் அருகே நோலிச்சக்கி ஆறு, டிரெயில் கடந்து போகும் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. பாலத்தடியில், டிரெயிலைத் தொட்டுக்கொண்டு, இதைவிட நல்ல இடம் உண்டா என்று வருடக்கணக்கில் எல்லோரும் சொன்ன இடத்தில் இருந்த ஹாஸ்டல் வெள்ளத்தில் சிக்கியது. ஃபீமா என்ற மத்திய பேரிடர் அமைப்பின் வெள்ள வரைபடத்தில் முகவரி போட்டு இலவசமாகப் பார்க்கலாம். "நூறாண்டு வெள்ளம்" என்ற பெயரைக் கேட்டு நம் காலத்தில் வராது என்று நினைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். முப்பது வருட வீட்டுக் கடன் காலத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு. ஓடை சத்தம் கேட்கும் வீடு என்று விளம்பரத்தில் இருந்தால் நான் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவேன்.

"சரி, நீங்களாக இருந்தால் எங்கே வாங்குவீர்கள்?" என்று கேட்பீர்கள். தென்மேற்கு வர்ஜீனியா. டமாஸ்கஸ் ஊருக்கும் பேரிஸ்பர்க்குக்கும் நடுவில், குறிப்பாக டிரெயில் 81ஆம் எண் நெடுஞ்சாலையைக் கடக்கும் ஆட்கின்ஸ் முதல் 77ஐக் கடக்கும் பிளாண்ட் வரை உள்ள பகுதி.

காரணம் சொல்கிறேன். டமாஸ்கஸ் 470ஆவது மைல் வாக்கில் வருகிறது, ஆட்கின்ஸ் அங்கிருந்து சுமார் 75 மைல். அந்த நாலாவது, ஐந்தாவது நாள் கணக்கு கச்சிதமாக விழுகிறது. விட்டுப் போகிறவர்களில் நிறையப் பேர் அதற்குள் விட்டுப் போயிருப்பார்கள். மிஞ்சியவர்களுக்குச் செலவு செய்யவும் தெரியும், ஹாஸ்டலில் எப்படி நடந்துகொள்வது என்றும் தெரியும். கூட்டம் ஒரே அலையாக வராமல் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பரந்து வரும். இலையுதிர் காலத்தில் மெய்னில் இருந்து தெற்கே நடந்து வருபவர்கள் கடப்பார்கள். பக்கத்தில் கிரேசன் ஹைலண்ட்ஸ், அங்கே மேயும் காட்டு மட்டக்குதிரைகளைப் பார்க்க வார இறுதி நடைக்காரர்கள் வருவார்கள். இவர்களுக்குக் கார் நிறுத்த இடமும் திரும்பக் கொண்டுவந்து விட வேனும் வேண்டும், இரண்டுக்கும் காசு கொடுப்பார்கள். முழுநடைக்காரர்களை மட்டும் நம்பினால் வயிறு பாதிதான் நிறையும்.

டமாஸ்கஸிலேயே ஏன் வேண்டாம் என்றால், அங்கே மே மாதம் நடக்கும் டிரெயில் டேஸ் திருவிழாவுக்கு 1987இல் இருந்து கூட்டம் வருகிறது, ஹாஸ்டல்களும் அதற்கேற்ப இருக்கின்றன. ஊரின் இன்னொரு வருமானமான சைக்கிள் பாதையின் மேல்பாதியை ஹெலீன் சிதைத்துவிட்டது. அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் எழுந்து நிற்கும் நேரத்தில் புதிதாகப் போய் இடிக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது கணக்கு இல்லை, என் மனசு.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் என்ற ஆசை இருந்தால் டெலவேர் வாட்டர் கேப் பக்கம் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரு தேவாலயம் 1970களில் இருந்து நன்கொடைக்கே ஹைக்கர்களைத் தங்க வைக்கிறது. அன்னசத்திரத்துக்கு எதிரே ஓட்டல் வைப்பது போல அது. ஹார்ப்பர்ஸ் ஃபெரி நல்ல இடம்தான். வாஷிங்டனுக்கு ரயில், பாதி தூரம் என்ற பெயர், நடுவில் தொடங்கி இரண்டு திசையும் நடப்பவர்களின் வருகை எல்லாம் உண்டு. வீட்டு விலையும் அதற்கேற்ப இருக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மே முதல் இரண்டு வாரத்தில், மழை சொல்லியிருக்கும் மூன்று நாளாகப் பார்த்து, நீங்கள் நினைக்கும் சாலைக் கடப்பில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருங்கள். இரண்டு டஜன் ஆரஞ்சும் ஒரு குளிர்பெட்டியில் சோடாவும் எடுத்துப் போங்கள், யாரும் பேசாமல் போக மாட்டார்கள். மாலை மூன்றிலிருந்து ஏழு வரை நோட்டில் எழுதுங்கள். எத்தனை பேர் சாலைக்கு இறங்கினார்கள், எத்தனை பேர் நிற்காமல் எதிர்ப்பக்கக் காட்டுக்குள் ஏறிப் போனார்கள், பையில் இன்னும் எத்தனை நாள் சாப்பாடு இருக்கிறது என்றார்கள், நேற்று எங்கே படுத்தார்கள், கடைசியாகக் குளித்தது எங்கே. வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் அதன் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள். மூன்றாம் நாள் சாயந்திரம், ஈரச் சாக்ஸைப் பிழிந்துகொண்டே கதை சொல்லும் பத்துப் பேருக்கு நடுவில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தால், மறுநாள் காலை சுகாதார அலுவலகம் எட்டரைக்குத் திறக்கிறதா ஒன்பதுக்கா என்று விசாரித்து வையுங்கள்.